கேட்டதை அடி

ஜூலை 18

பயிற்சி முடிந்து இன்று ஆளுக்கொரு நாட்டைப் பிரித்துக் கொடுத்தார்கள். இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி எல்லாம் முன்வரிசைக்காரர்களுக்குப் போய்விட்டன. அவர்கள் பயிற்சியில் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டவர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் போலந்து. முதல் டிவிஷன்தான், ஆனால் யாரும் விரும்பிக் கேட்காத முதல் டிவிஷன்.

வேலை இதுதான். நேற்று நடந்த ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டு, யார் யாருக்குப் பந்தைத் தட்டினார், எங்கே தொலைத்தார், யார் பிடுங்கினார் என்று ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். வெளிநாட்டில் யாரோ அதை விலைக்கு வாங்குகிறார்கள். இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவர் ஆட்டத்தைப் பார்த்து மைக்கில் சொல்லிக்கொண்டே போவார், அவர் காலர். பக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்டு விசைகளைத் தட்டுவார், அவர் கீயர். நான் கீயர்.

ஷியாம்சுந்தர் சார்தான் எங்கள் தளத்துக்கு மேனேஜர். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னார்: "கண் காலரோடது. காது உன்னோடது. கேட்டதை அடி. பார்த்ததை அடிக்காதே. புரிஞ்சுதாம்மா?"

"சரிங்க சார்."

எனக்குப் பொருத்தமான வேலை. வாயைத் திறக்க வேண்டியதில்லை. கல்லூரியில் செமினார் நாள் பார்த்துக் காய்ச்சல் வரவழைத்துக்கொண்டவள் நான்.

எனக்குக் கால்பந்து பிடிக்காது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

ஜூலை 20

என் காலர் பெயர் ஜெரோம். தூத்துக்குடிக்காரர். ஊரில் சர்ச் மைதானத்தில் விளையாடியவராம். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "கோகிலவாணியா? பேருல குயிலு இருக்கு, தொண்டையில இல்லையே! மூணு நாளா பக்கத்துல இருக்கேன், ஒரு சத்தத்தையும் காணும்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்களுக்கு ஒதுக்கிய அணி ஓல்ஷானா என்ற சிறிய ஊரின் தக்காச். போன வருடம்தான் கீழ் டிவிஷனிலிருந்து ஏறி வந்திருக்கிறார்கள். "இந்த வருஷமே இறங்கிருவானுக. நமக்கு வேலை மிச்சம்" என்றார் ஜெரோம்.

ஆட்டக்காரர்களின் பெயர்களை யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் தளத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர். ஏழாம் எண் சுருட்டை. ஒன்பது ஒட்டகம். நாலாம் எண்ணும் பதினாலாம் எண்ணும் மொட்டை. இரண்டு மொட்டை.

ஜூலை 31

மாலை வீட்டில் கொட்டகை வாசலில் நின்று செல்போனில் தக்காச்சின் ஆட்டத் துண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்காகத்தான். அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் சோமனூரில் எல்லா வீட்டையும் போல எங்களுக்கும் கூலித் தறி. நாலு தறி ஓடுகிறது.

"அதென்ன கண்ணு, சட்டைல நாடாவப் போட்டிருக்கானுவ?"

அப்போதுதான் கவனித்தேன். சின்னத்தில் ஒரு படகு போல இருந்தது படகு இல்லை. தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற நாடா. தேடிப் பார்த்தேன். தக்காச் என்றால் அவர்கள் மொழியில் நெசவாளி. ஆலைத் தொழிலாளிகள் ஆரம்பித்த சங்கம்.

"நம்மாளுக" என்றார் அப்பா. "ஜெயிச்சாங்களா?"

"தோத்துட்டாங்கப்பா."

"நம்மாளுகதான்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

ஆகஸ்ட் 22

தோல்வி.

ஆகஸ்ட் 29

தோல்வி. பத்துப் பேராக ஆடி.

செப்டம்பர் 12

இரண்டு மொட்டைகளில் பதினாலு சட்டையைக் கால்சட்டைக்குள் திணித்துக்கொள்வான். துணி மடிந்து ஒன்று மறைந்துவிடும். நாலு மட்டும் தெரியும். ஜெரோம் அவனை நாலு என்பார். பிறகு சுதாரித்துக்கொண்டு, உண்மையான நாலையும் பதினாலு என்பார்.

நாலாம் எண் பந்து வருவதற்கு முன்னால் வலது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும். சாலையைக் கடக்கிற அம்மாக்கள் பார்ப்பது மாதிரி. பதினாலு பார்ப்பதில்லை.

இன்று ஜெரோம் பதினாலு என்று சொன்ன சில இடங்களில் நாலு பதிவாகியிருக்கிறது. விரல் வழுக்கியிருக்கும்.

செப்டம்பர் 19

இன்றும் வழுக்கியது.

அக்டோபர் 10

நாலாம் எண்ணின் பெயர் க்ஷெகோஷ் வ்ஷோஸ். அந்த ஊர் வர்ணனையாளர் சொல்வதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். பேருந்தில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "எந்தச் சாமி மந்திரம், அம்மணி?" என்று கேட்டார். "பெருமாளுங்க" என்றேன். பொய்தான். வேறு என்ன சொல்வது?

அக்டோபர் 31

இந்த மாதத் துல்லியக் கணக்கில் எங்கள் ஜோடிதான் முதல். எல்லோர் முன்னாலும் ஜெரோமுக்குக் கோப்பை கொடுத்தார்கள். படத்தில் நானும் நின்றேன். என் பாதி, கேமராவுக்குள் வந்திருக்கிறது.

"நம்ம ரெண்டு பேருக்கும்தான் இது" என்றார் ஜெரோம். கோப்பையைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். நல்ல சாக்லேட்தான். முந்திரி போட்டது.

மதியம் உணவறையில் நஸ்ரின் கேட்டாள். உக்கடத்துப் பெண், தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். "உங்க ஜெரோம் நல்லா சொல்வாராடி?"

"நல்லா சொல்வார்" என்றேன்.

நவம்பர் 28

ஓல்ஷானாவில் பனி. மைதானம் முழுக்க வெள்ளை. ஆரஞ்சு நிறப் பந்தை எடுத்து வந்து ஆடினார்கள். தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் ஒரு பக்கத்துக் கூட்டம் தொண்ணூறு நிமிடமும் பாடிக்கொண்டே இருந்தது. கழுத்துத் துண்டுகளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடி. தொலைக்காட்சிக்காரர்கள் அவ்வப்போது கேமராவை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அப்போது ஆட்டம் தெரியாது, ஜெரோம் எரிச்சலாவார். எனக்கு ஒன்றுமில்லை.

அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். "பந்தாடறதப் பாக்கறதுக்குச் சம்பளமா! ஏனுங்கண்ணா, இதுக்கா புள்ளைய காலேஜுக்கு அனுப்புனீங்க?" என்றார். அப்பா தறிச் சத்தத்தில் கேட்காதது மாதிரி இருந்துவிட்டார். எங்கள் ஊரில் இது ஒரு வசதி.

டிசம்பர் 19

போலந்தில் குளிர்கால விடுமுறை. பிப்ரவரி வரை ஆட்டம் கிடையாது. தக்காச் கடைசி இடத்தில் இருக்கிறார்கள்.

ஜெரோமை நேரலைப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் நடக்கும்போதே சொல்லித் தட்டுகிற இடம் அது. சம்பளம் கூடுதல், மரியாதையும். எங்கள் ஜோடியின் துல்லியத்தைக் காரணமாகச் சொன்னார் சார்.

நானும் சார் அறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. "நானும் லைவ்ல..." என்று ஆரம்பித்தேன்.

"லைவ் சாயங்காலத்துக்கு மேலதாம்மா. பொண்ணுங்களுக்கு கேப் அனுப்பணும். பட்ஜெட் இல்ல. அதோட லைவ்ல சத்தமாப் பேசணும். நீ பேசுறது எனக்கே இப்ப கேக்கல."

"சரிங்க சார்."

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது நல்ல சத்தமாக, "கேக்கலைன்னா பக்கத்துல வாங்க" என்றேன். படிக்கட்டில் யாரும் இல்லை.

பிப்ரவரி 14

ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. எனக்குப் புதுக் காலர் தினகர். பாவம், வேகமாகச் சொல்ல வேண்டும் என்று பாதி எண்களை விழுங்கிவிடுகிறான். இப்போது விரல் அடிக்கடி வழுக்குகிறது.

தக்காச் வென்றார்கள்! ஒன்றுக்குப் பூஜ்யம். கார்னரில் வந்த பந்தை வ்ஷோஸ் தலையால் முட்டினான். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேனாம். தினகர் சொன்னான். எனக்கு நினைவில்லை.

மார்ச் 20

நேரலைப் பிரிவில் ஜெரோமின் துல்லியம் சரிந்துவிட்டதாகப் பேச்சு.

மார்ச் 23

உணவறையில் நஸ்ரின் என்னைத் தனியாக மூலை மேசைக்கு இழுத்துப்போனாள்.

"லூசாடி நீ?"

"ஏன்?"

"ஜெரோமுக்கு ஏன் இறங்குச்சுன்னு பார்க்கச் சொன்னாங்க. பழைய ஆட்டத்தோட ஆடியோவைப் போட்டுக் கேட்டோம். அவன் ஒண்ணு சொல்றான், நீ ஒண்ணு அடிச்சிருக்க. சீசன் ஆரம்பத்துலேர்ந்து."

மைக்கில் பேசுவது பதிவாகிறது என்பது எனக்குத் தெரியாது. தயிர் சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணாவது தப்பா மாத்தியிருக்கேனா?"

"இல்லடி. எல்லாம் சரியா மாத்தியிருக்க. அதான் பிரச்சனை. தப்பா இருந்தா கவனக்குறைவுன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க. இது வேணும்னே பண்ணது."

மார்ச் 24

சார் அறையில் நான், ஜெரோம், தரச் சோதனைப் பிரிவின் தலைவர். சார் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ அடிச்சது சரின்னு எனக்குத் தெரியும்மா. ஆனா கிளையன்ட் நாளைக்கு ஆடியோ கேட்டா நான் என்ன சொல்றது? வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு அடிக்குதுன்னா? இன்னிக்கு நீ சரியா மாத்துவ. நாளைக்கு வேற யாராவது காசு வாங்கிட்டு மாத்துவான். அதுக்குத்தான் ரூல்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் தலையாட்டினேன்.

"திங்கக்கிழமை காலை மீட்டிங்ல எழுந்து நின்னு, எல்லார் முன்னாடியும் ஸாரி சொல்லிடு. ரூலை மீறிட்டேன், இனிமே கேட்டதை மட்டும் அடிப்பேன்னு. முடிஞ்சு போச்சு. இல்லேன்னா நான் மேல எழுதணும். மேல எழுதினா வேலை நிக்குமான்னு எனக்குத் தெரியாது."

நான் ஜெரோமைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஷூ. நேரலைப் பிரிவுச் சம்பளத்தில் வாங்கியது.

"அவருக்கு?" என்று கேட்டேன்.

"அவன் என்ன பண்ணான்? அவன் வேலை சொல்றது. சொன்னான்."

மார்ச் 25

வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா நூல் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா சொன்னார்: "ஒரு வார்த்தைதான கண்ணு. சொன்னா என்ன கொறைஞ்சா போயிருவ? கூலி பேசப் போனா நாங்க எத்தன வாட்டி கும்புடறோம்."

அம்மா சோறு போட்டார். ரசம் ஊற்றினார். பிறகு கேட்டார்:

"ஸாரி கேக்கலைன்னா வேலை போயிருமா?"

"போனாலும் போயிரும்மா."

"தப்பா ஏதாச்சும் செஞ்சியா, சாமி?"

"சரியாத்தான் செஞ்சேன். செய்யற முறைதான் தப்பு."

"நான் பதினாறு வருசமா சூப்பர்வைசர்கிட்ட ஸாரி கேட்டுட்டு இருக்கறேன். நூல் அறுந்தா ஸாரி, மிசினு நின்னா ஸாரி, காச்சல்ல லீவு போட்டா ஸாரி. வூட்டுக்கு ஒருத்தி போதும்."

அப்பா அப்பளத்தை உடைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

மார்ச் 27

எழுந்து நின்றேன். எல்லோரும் வட்டமாக நின்றிருந்தார்கள். இங்கிலாந்து கிடைத்த முன்வரிசைக்காரர்கள் கையில் காபி. ஜெரோம் தூணுக்குப் பின்னால்.

"சொல்லும்மா" என்றார் சார்.

இரவெல்லாம் தயார் செய்த நாலு வாக்கியங்கள் இருந்தன. கண் இருப்பவளிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லாதீர்கள் என்பது ஒன்று. முறை தப்பென்றால் முறையை மாற்றுவோம், சொல்கிற வேலையை என்னிடம் கொடுங்கள் என்பது இன்னொன்று. நல்ல வாக்கியங்கள். ஒன்றும் வரவில்லை. யாரோ காபியை உறிஞ்சினார்கள்.

"ஸாரின்னு ஒரு வார்த்தை. போதும்" என்றார் சார், கொஞ்சம் இரக்கமாகவே.

"மாட்டேன்" என்றேன்.

அது மட்டும் வந்தது. எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. தூணுக்குப் பின்னால் இருந்தவருக்கும்.

ஏப்ரல் 3

வேலை போகவில்லை. மேலே எழுதினாரா என்று தெரியவில்லை. ஜோடியிலிருந்து எடுத்துக் கடிகார மேசையில் போட்டுவிட்டார்கள். பந்து வெளியே போனால் ஒரு விசை, உள்ளே வந்தால் ஒரு விசை. யார் தட்டினார், யார் தொலைத்தார், எதுவும் எனக்கு இல்லை. தளத்திலேயே கடைசி மேசை, கழிவறைக்குப் பக்கத்தில்.

என் துல்லியப் புள்ளிகளையும் பாதியாக்கினார்கள். "போலந்துலயே பாயின்ட்டைப் பாதியாக்குறாங்கம்மா. ரூல்" என்றார் சார். நகைச்சுவை செய்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அது புதிதாக இருந்தது.

ஏப்ரல் 24

அந்த வேடிக்கையான விதி இன்று அமலுக்கு வந்தது. முப்பது சுற்று முடிந்ததும் பதினாறு அணிகளையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். மேலே எட்டு, கீழே எட்டு. எல்லோருடைய புள்ளிகளையும் பாதியாக்கி, இன்னும் ஏழு சுற்று ஆட வைக்கிறார்கள். கீழ் எட்டில் கடைசி இரண்டு அணிகள் டிவிஷனை விட்டு இறங்க வேண்டும்.

அநியாயம் என்று தளம் முழுக்கப் பேசினார்கள். ஒன்பது மாதம் ஓடி ஓடிச் சேர்த்ததைப் பேனாவால் பாதியாக வெட்டுவதா என்று.

நான் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். தக்காச்சுக்கு இருபத்தைந்து, பாதியாக்கினால் அரைப்புள்ளியை மேலே ஏற்றிப் பதின்மூன்று. தப்பிக்கும் கடைசி இடத்தில் இருக்கும் ஸ்வோன் அணிக்கு முப்பத்து நாலு, பாதியாக்கினால் பதினேழு. ஒன்பது தூரத்தில் இருந்தவன் இன்று நாலு தூரத்தில் இருக்கிறான். ஒரு பந்தைக்கூடத் தொடாமல்.

பாதியாக்கினால் அதிகம் வைத்திருப்பவனுக்குத்தான் அதிகம் போகும். கழிவறைப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்குப் போக என்ன இருக்கிறது?

கருமத்தம்பட்டி தாண்டியதும் சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 26

இன்று முதல் வேலை முடிந்து வந்ததும் கொட்டகைக்குப் போகிறேன். நாலு தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் பெரிய குரல். எனக்கு மட்டும் எப்படியோ விட்டுப்போனது.

செல்போனில் பழைய ஆட்டத்தை ஓடவிட்டு நடுவில் நின்று சொன்னேன். "நாலு! பாஸ்! ஏழு! தொலைச்சான்! பதினாலு! பிடுங்கினான்!" என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா தறியின் மறுபக்கத்திலிருந்து காதில் கையை வைத்துக்காட்டினார். கேட்கவில்லை என்று.

மே 6

அப்பாவுக்கு ஏழு கேட்கிறது. நாலு கேட்கவில்லை.

மே 8

தக்காச் வென்றார்கள்.

மே 15

தக்காச் மறுபடியும்! ஒட்டகம் இரண்டு கோல். எனக்கு வந்தது பந்து வெளியே, பந்து உள்ளே மட்டும். ஆனால் நான் பார்த்தேன். கடிகார மேசையில் கண்ணுக்குத் தடை இல்லை.

மே 17

நாலு கேட்டுவிட்டதாம். நாலாவது தறிக்குப் பின்னால் நூல் போட்டுக்கொண்டிருந்த அப்பா நாலு விரலைக் காட்டினார். அம்மா வாசலிலிருந்து கத்தினார்: "பக்கத்து வூட்டுக்காரம்மா கேக்குது, உங்க வூட்ல ஏலம் வுடறீங்களான்னு!"

மே 29

கீழ் எட்டின் கடைசிச் சுற்று வரும் ஞாயிறு. யாரும் மற்றவர் முடிவைப் பார்த்து ஆடக்கூடாது என்று நாலு ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். நேரலைப் பிரிவுக்கு ஒரே நேரத்தில் நாலு காலர் வேண்டும். தயாராக இருப்பது மூன்று பேர்தான். மற்றவர்களில் ஒருவருக்கு அம்மை போட்டிருக்கிறது. இன்னொருவருக்குச் சொந்த அக்கா கல்யாணம். மூன்றாமவர் ஜெரோம், அவரைப் போன மாதமே கீயராக்கிவிட்டார்கள்.

நஸ்ரின் போய்ச் சொல்லியிருக்கிறாள். சார் என் மேசைக்கு வந்தார். கழிவறைக் கதவு திறந்து மூடியது.

"நீ காலர் பண்ணுவியாமே? சத்தம் வருமா?"

"வரும் சார்."

அவர் ஒரு அடி பின்னால் போனார். நான் கொட்டகைக் குரலில் சொல்லிவிட்டேன்.

"சரி. தக்காச், ஸ்வோன் ஆட்டம் உனக்கு. போலந்துல மூணரை, நமக்கு ஏழு மணி."

"கேப் வேணும் சார். சோமனூர் வரைக்கும்."

"பார்க்கலாம்."

"பார்த்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

"கேப் வரும். ஆனா அந்த மார்ச் மாச மேட்டர்... ஒரு வார்த்தை சொல்லி முடிச்சுட்டா உனக்கும் நல்லது."

"அது அப்படியே இருக்கட்டும் சார்."

திரையில் பந்து வெளியே போயிருந்தது, விசையைத் தட்டினேன்.

ஜூன் 4

ஞாயிறு முடிவதற்குள் எழுதிவிடுகிறேன். கேப்பில் வரும்போதே பாதி எழுதிவிட்டேன், எழுத்து ஆடியிருக்கிறது.

ஸ்வோனை விடத் தக்காச் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். டிரா போதும். டிரா என்றால் தக்காச் தங்குவார்கள், ஸ்வோன் இறங்குவார்கள். தோற்றால் தலைகீழ்.

என் கீயர் ஜெரோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டே, "குயிலு பாடப்போகுதா?" என்றார். பழைய ஜோக். ஆனால் குரல் பழைய மாதிரி இல்லை. மைக் இன்னும் ஆன் ஆகவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்குத் தெரியும், கோகி. நீ மாத்தி அடிக்கன்னு. ரெண்டாவது வாரத்துலயே தெரியும்."

"அன்னிக்கு சார் ரூம்ல தெரியலையா?"

மைக்கை ஆன் செய்தேன்.

முதல் நிமிடத்தில் என் குரல் உடைந்தது. இரண்டாவது எண்ணுக்குச் சரியாகிவிட்டது. அதன் பிறகு எதையும் யோசிக்கவில்லை. நாலு, தோளுக்கு மேல் பார்த்தான், ஏழுக்குப் பாஸ். பதினாலு. ஒன்பது, ஷாட், வெளியே. பக்கத்து மேசைகளிலிருந்து ஒருமுறை "மெதுவா!" என்றார்கள். குறைக்கவில்லை. நாலு தறியைத் தாண்டி வந்த குரல். அதைக் குறைக்க எனக்குத் தெரியவில்லை.

எழுபது நிமிடம் கோல் இல்லை. எண்பது நிமிடம் கோல் இல்லை. ஓல்ஷானாவின் கூட்டம் பாடிக்கொண்டே இருந்தது. எனக்கும் உள்ளே அந்தப் பாட்டு ஓடியது, வார்த்தை தெரியாது.

ஸ்வோனுக்குக் கார்னர். பந்து வளைந்து வந்தது. அவர்களுடைய பத்தாம் எண் குதித்தான், எட்டவில்லை. அவனுக்குப் பின்னால் வ்ஷோஸ். இந்த ஒரு முறை அவன் தோளுக்கு மேல் பார்க்கவில்லை. நேரமில்லை. பந்து அவன் மொட்டைத் தலையில் பட்டு அவனுடைய வலைக்குள்ளேயே போனது.

தொலைக்காட்சியில் உடனே பத்தாம் எண்ணின் பெயரைப் போட்டார்கள். ஸ்வோன்காரர்கள் அவன் மேல்தான் ஏறி விழுந்தார்கள்.

"நாலு. ஓன் கோல்" என்றேன்.

ஜெரோமின் விரல் நின்றது. ஒரு கையால் என் மைக்கை மூடினார்.

"ஏ கோகி. டிவிலயே பத்துன்னுதான போட்ருக்கான். பத்துன்னே அடிச்சிருதேன். யாரும் கேக்க மாட்டாவ. ஒனக்கு அந்த நாலு மேல ஒரு இது... எனக்குத் தெரியும்லா."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். ஒரு சீசன் முழுக்க நான் செய்ததைத் திருப்பிச் செய்யப் பார்த்தார். ஆனால் நான் மாற்றியதெல்லாம் நடந்ததை நோக்கி. இது நடந்ததிலிருந்து விலக.

வ்ஷோஸ் வலைக்குள் உட்கார்ந்திருந்தான். தன் தலையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். எங்கே பட்டது என்று அவனுக்குத் தெரியும். இல்லை என்று அவன் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

ஜெரோமின் கையை மைக்கிலிருந்து எடுத்தேன்.

"நாலு. ஓன் கோல்" என்றேன் மறுபடியும். "நான் சொன்னதை அடி."

தளம் முழுக்கக் கேட்டது. சார் தன் அறைக் கதவில் வந்து நின்றார். ஜெரோம் அடித்தார்.

மிச்சம் பத்து நிமிடம். நாலு எல்லாப் பந்துக்கும் முன்னால் ஓடினான். ஒரு பந்துகூடத் தொலைக்கவில்லை. ஒவ்வொன்றையும் சொன்னேன். விசில் ஊதினார்கள். தக்காச் இறங்கிவிட்டார்கள். அடுத்த வருடம் எங்கள் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

காலர் "முடிந்தது" என்று சொன்னால்தான் கீயர் ஆட்டத்தை மூட முடியும். ஜெரோம் கடைசி விசையில் விரலை வைத்துக் காத்திருந்தார். திரையில் ஆட்டக்காரர்கள் தலைகுனிந்து அந்தப் பக்கத்துக் கூட்டத்தை நோக்கி நடந்தார்கள். கல்லெறிவார்களோ என்று நினைத்தேன். கூட்டம் கழுத்துத் துண்டுகளைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தது. நாடா போட்ட துண்டுகள், வரிசை வரிசையாக. தோற்றவர்களுக்கு முன்னால் நின்று, ஜெயித்தவர்களைப் போலப் பாட ஆரம்பித்தார்கள். வ்ஷோஸ் நிமிர்ந்தான்.

"கோகி, முடிஞ்சுதுன்னு சொல்லு" என்றார் ஜெரோம்.

"சொல்லும்மா, மத்த மூணும் மூடியாச்சு" என்றார் கதவிலிருந்து சார்.

நான் சொல்லவில்லை. நான் சொல்லாமல் அவரால் அடிக்க முடியாது; அதுதான் ரூல்.

அவர்கள் பாடி முடிக்கட்டும் என்று இருந்தேன்.